நொதித்து முடிந்த பீரைத் திருத்த மூன்று புட்டிகளும் ஒரு பொட்டலமும்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கெக்கில் (பீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் கலனில்) ஏற்றுவதற்கு முன் ஒரு மடக்கு சுவைத்துப் பார்க்கும்போதுதான் குறை தெரியும். கசப்பு போதவில்லை, அல்லது மூக்கருகே கொண்டுபோனால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட சுவடே இல்லை. வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) கொதித்த நாள் போய்விட்டது. இந்த நேரத்துக்கென்றே வீட்டு பீர் பொருள்கள் விற்கும் கடைகளில் நான்கு சரக்குகள் கிடைக்கின்றன: ஐசோ-ஆல்ஃபா சாறு, டெட்ரா சாறு, ஹாப் எண்ணெய், செறிவூட்டிய லுபுலின் (ஹாப்ஸ் பூவில் உள்ள மஞ்சள் பொடி) பெல்லட். நான்கும் ஒரே தட்டில் வைத்து விற்கப்பட்டாலும் நான்கின் தரமும் ஒன்றல்ல. கசப்புக்கான முதல் புட்டியைத் தயங்காமல் வாங்கலாம். மணத்துக்கான புட்டி, அதன் அட்டையில் சொல்லும் வேலையில் பாதியைத்தான் செய்கிறது. கசப்பைக் குறைக்கும் புட்டி என்று ஒன்று இல்லவே இல்லை.

எதையும் ஊற்றுவதற்கு முன், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுங்கள். 1.012-இல் நிற்க வேண்டிய பீர் 1.020-இல் நின்றால் உங்கள் நாக்கு சொல்லும் குறை கசப்பில் இல்லை. ஈஸ்ட் தின்னாமல் விட்ட மிச்ச இனிப்பு அது. அதன் மேல் கசப்பை ஏற்றினால் இனிப்பும் கசப்பும் தனித்தனியாக நிற்கும் மருந்து போன்ற ஒன்றுதான் கிடைக்கும். அங்கே செய்ய வேண்டியது நொதித்தலை முடிக்க வைப்பது.

ஐசோ-ஆல்ஃபா சாறு

ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் அப்படியே பீரில் கரைவதில்லை. கொதிக்கும்போது அவற்றின் மூலக்கூறு வடிவம் மாறி ஐசோ-ஆல்ஃபா அமிலமாகிறது. நாம் கசப்பு என்று உணர்வது பெரும்பாலும் அதைத்தான். கொதிகலனில் போடும் ஆல்ஃபா அமிலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்த பீர்வரை வந்து சேரும். மீதி சக்கையோடும், நொதிக்கும்போது எழும் நுரையோடும், ஈஸ்ட்டில் ஒட்டிக்கொண்டும் போய்விடும். இந்தப் புட்டியில் இருப்பது அந்த மாற்றத்தை ஆலையிலேயே முடித்து, பொட்டாசியம் உப்பாக்கி, நீரில் கரைத்த திரவம். பெரும்பாலான புட்டிகளில் செறிவு 30 சதவீதம். நொதித்தலுக்குப் பிறகு சேர்ப்பதால் ஈஸ்ட்டோ நுரையோ பங்கு கேட்க வராது. கவனமாகக் கலந்தால் முக்கால் பங்குக்கு மேல் பீரிலேயே தங்கும்.

வாங்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சிரிஞ்சில் அடைத்து விற்கும் கார்பன் டை ஆக்சைடு ஹாப் சாறும் கடையில் பக்கத்திலேயே இருக்கும். அது பசைபோல் கெட்டியாக, பொன்னிறத்திலோ பச்சை கலந்தோ இருக்கும். அது கொதிகலனுக்கு உரியது. அதில் இருப்பது மாற்றம் அடையாத ஆல்ஃபா அமிலம். முடிந்த பீரில் விட்டால் கசப்பு ஏறாது, பாத்திரத்தின் சுவரில் பிசினாக ஒட்டும், நுரையையும் கெடுக்கும். நமக்கு வேண்டியது தண்ணீர்போல் ஓடும் தேன் நிறத் திரவம். அட்டையில் ‘ஐசோமரைஸ்டு’ என்ற சொல்லும் சதவீதமும் இல்லையென்றால் எடுக்க வேண்டாம்.

கணக்கு எளிது. 30 சதவீதச் சாறு 1 மி.லி.யில் ஏறத்தாழ 300 மி.கி. ஐசோ-ஆல்ஃபா உண்டு. 20 லிட்டர் பீரில் விட்டால் லிட்டருக்கு 15 மி.கி.; சேதாரம் போக 11 முதல் 12 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு). லிட்டருக்கு 1 மி.கி. என்பது கிட்டத்தட்ட 1 ஐபியு என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் கணக்கைவிட நாக்கை நம்புவதே மேல். அதற்கான முறை இது.

1 மி.லி. சாற்றை 99 மி.லி. வாலை வடிநீரில் கலக்கவும். இந்த நீர்த்த கரைசலில் மி.லி.க்கு 3 மி.கி. இருக்கும். நான்கு கிளாஸ்களில் 100 மி.லி. பீர் வீதம் ஊற்றி, முதலாவதை அப்படியே விட்டு, மற்றவற்றில் 0.2, 0.4, 0.6 மி.லி. கரைசலை இன்சுலின் சிரிஞ்சால் விடவும். அவற்றின் கசப்பு முறையே லிட்டருக்கு 6, 12, 18 மி.கி. ஏறியிருக்கும். இதைவிடச் சிறு படிகள் வைத்துப் பயனில்லை. 5 ஐபியுவுக்குக் கீழான வித்தியாசத்தைப் பெரும்பாலான நாக்குகள் பிரித்தறிவதில்லை. குறைந்த கசப்பிலிருந்து தொடங்கிச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் குடித்து, இரண்டு நிமிடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். கசப்பு நாக்கில் தேங்கும் தன்மையுள்ளது. அவசரப்பட்டால் கடைசிக் கிளாஸ் உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியும். பிடித்த கிளாஸில் விட்ட அளவை இரண்டால் பெருக்கினால் 20 லிட்டருக்கு எத்தனை மி.லி. மூலச் சாறு வேண்டும் என்பது கிடைத்துவிடும். 0.4 மி.லி. கரைசல் பிடித்திருந்தால் 20 லிட்டருக்கு 0.8 மி.லி. சாறு. சேதாரம் கிளாஸிலும் நடந்திருக்கும் என்பதால் அதைத் தனியாகக் கூட்ட வேண்டாம்.

வாயு ஏறாத பீரில் சோதித்தால் ஒரு படி குறைத்தே முடிவெடுங்கள். கார்பன் டை ஆக்சைடு கரையும்போது உண்டாகும் அமிலம் கசப்பைக் கூர்மையாக்கும். தட்டையான பீரில் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றியது, வாயு ஏறிய பிறகு ‘கொஞ்சம் தூக்கல்’ ஆகிவிடும். கூட்டியதைக் குறைக்க வழியில்லை.

கலப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சாறு காரத்தன்மை உள்ளது, பீரோ பிஎச் 4.2 பக்கம் நிற்கும் அமிலம். மூலச் சாற்றை நேராக ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் செறிவு எக்கச்சக்கமாகி, கரையாத அமிலமாகப் பிரிந்து, கலங்கலாகவும் பாத்திரச் சுவரில் பழுப்பு வளையமாகவும் படியும். படிந்தது திரும்பக் கரையாது. கணக்கிட்டது 12, கிடைத்தது 6 என்பவர்களின் புட்டியில் பெரும்பாலும் குறை இல்லை. ஊற்றிய விதத்தில்தான் குறை. குழாய்த் தண்ணீரில் நீர்க்கச் செய்தாலும் இதே கதைதான். கால்சியமும் மக்னீசியமும் உள்ள கடின நீரில் ஐசோ-ஆல்ஃபா கரையாத உப்பாக மாறும். நீர்த்த கரைசல் பால்போல் வெளுத்தால் அதைக் கொட்டிவிட்டு வடிநீரில் மறுபடி செய்யுங்கள். வோட்காவிலும் நீர்க்கச் செய்யலாம். எப்படிச் செய்தாலும் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். நீர்த்த கரைசலை எடுத்து வைக்க முடியாது.

பீரை நொதிகலனிலிருந்து கெக்குக்கு மாற்றும்போது, ஓடிவரும் பீரில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவது நல்ல முறை, ஓட்டமே கலக்கிவிடும். தெளிய வைக்க ஜெலட்டின் போன்றவற்றைப் போடுவதாக இருந்தால், அதை முடித்துப் பீர் தெளிந்த பிறகு சாற்றைச் சேருங்கள். ஏற்கெனவே வாயு ஏற்றிய கெக்கைத் திறந்து ஊற்றாதீர்கள். நுரை பொங்கும், ஐசோ-ஆல்ஃபா நுரையைத் தேடிப் போகும் பொருள் என்பதால் சேர்த்ததில் கணிசமான பங்கு அந்த நுரையோடு மூடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில், கரைசலைச் சிறு பெட் பாட்டிலில் நிரப்பி, வாயு ஏற்ற உதவும் கார்பனேஷன் மூடி போட்டு, கெக்கில் உள்ளதைவிடக் கூடுதலாக அழுத்தம் ஏற்றி, திரவக் குழாய் வழியாக உள்ளே தள்ளுங்கள். பிறகு கெக்கைப் படுக்கவைத்துச் சில நிமிடம் உருட்டினால் போதும். பாட்டிலில் அடைப்பவர்கள் 500 மி.லி.க்கு 0.5 மி.லி. நீர்த்த கரைசல் விட்டால் லிட்டருக்கு 3 மி.கி. ஏறும்.

இந்தக் கசப்பின் குணம் எப்படி? சுத்தம், நேர்கோடு, மணமில்லை. கொதிகலனில் ஹாப்ஸ் போடும்போது கூடவே வரும் பாலிபீனால்களின் துவர்ப்பும் உடற்கட்டும் இதில் கிடையாது. லாகருக்கும் கோதுமை பீருக்கும் அது நல்லதே. மொத்தக் கசப்பையும் இதிலிருந்தே எடுத்து ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) செய்தால் உள்ளீடற்றதாக இருக்கும். 10, 15 ஐபியு திருத்தத்துக்கு மேல் இதைச் சார்ந்திருக்கக் கூடாது. யாரும் அதிகம் சொல்லாத ஒரு பயன், புளிப்பு பீரில். புளிப்பைத் தரும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகைகள் பலவற்றுக்கு ஹாப்ஸ் ஆகாது. முதலிலேயே கசப்பு ஏற்றினால் புளிப்பு வராது. புளிக்க வைத்து முடித்தபின் சாற்றால் 5 முதல் 8 ஐபியு சேர்ப்பதுதான் வசதி. ஒரே நொதிகலனைப் பிரித்து, ஒரு கெக் மென்மையாகவும் ஒரு கெக் கசப்பாகவும் வைக்க விரும்புவோருக்கும் இதைவிட எளிய வழி இல்லை.

மதிப்பெண்: 5-க்கு 4.5. அரை மதிப்பெண் குறைவது, பல புட்டிகளோடு வரும் சொட்டு மூடிக்காக. சொட்டின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும். சிரிஞ்ச் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

டெட்ரா

ஐசோ-ஆல்ஃபாவுக்கு ஹைட்ரஜன் ஏற்றியது டெட்ராஹைட்ரோ-ஐசோ-ஆல்ஃபா, வழக்கில் டெட்ரா. செறிவு 9 முதல் 10 சதவீதம். இரண்டு காரணங்களுக்காக விற்கிறார்கள்: ஒன்று நுரை, இன்னொன்று வெளிச்சம். நுரையில் உண்மையிலேயே நல்ல வேலைக்காரன். 20 லிட்டருக்கு 0.6 முதல் 1 மி.லி. விட்டால் லிட்டருக்கு 3 முதல் 5 மி.கி.; நுரை கிளாஸின் சுவரில் வலை பின்னியதுபோல் ஒட்டி நிற்கும். அதற்கு மேல் போனால் நுரை பஞ்சுக் கட்டிபோல் திரண்டு, இயல்பு கெட்டுவிடும். கசப்பும் மி.கி.க்கு மி.கி. ஐசோ-ஆல்ஃபாவைவிடத் தூக்கலாகவே தெரியும்; நாக்கின் பின்பக்கத்தில் நெடுநேரம் நிற்கும். கசப்பைத் திருத்த இதை வாங்குவது சுத்தியலால் ஆணியைப் பிடுங்குவதுபோல.

வெளிச்சத்தைப் பற்றிய வாக்குறுதி வீட்டு பீரில் பெரும்பாலும் பலிக்காது. தெளிந்த கண்ணாடியிலும் பச்சைப் பாட்டிலிலும் வெயில் பட்டால் வரும் நாற்றத்துக்குக் காரணம், ஒளிபட்ட ஐசோ-ஆல்ஃபா உடைந்து, பீரில் உள்ள ரிபோஃபிளேவின் துணையோடு, கந்தகம் கலந்த ஒரு தயோலாக மாறுவது. மிக மிகச் சிறு அளவே மூக்கைத் துளைக்கும். டெட்ரா அப்படி உடையாது என்பது சரி. ஆனால் கொதிகலனில் ஒரு பிடி ஹாப்ஸ் போட்டிருந்தாலும் சாதாரண ஐசோ-ஆல்ஃபா பீரில் வந்துவிட்டது. ஹாப்ஸ் போட்ட முந்தைய பீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்கூட அதைச் சுமந்து வரும். ஒளி தாங்கும் பீர் வேண்டுமென்றால் மொத்தக் கசப்பும் ஹைட்ரஜன் ஏற்றிய சாறுகளிலிருந்து மட்டுமே வர வேண்டும். பழுப்புப் பாட்டிலும் இருட்டு அலமாரியும் இதைவிட மலிவான தீர்வு. மதிப்பெண் 3, நுரை நிற்காத பீர் செய்பவருக்கு மட்டும் 4.

ஹாப் எண்ணெய்

ரகத்தின் பெயர் போட்டு வரும் சின்னப் புட்டி. ஆவியில் வடித்த தூய எண்ணெயாகவும், சாராயத்திலோ புரொப்பிலீன் கிளைக்காலிலோ கரைத்ததாகவும் கிடைக்கிறது. இரண்டுக்கும் செறிவு பல மடங்கு வேறுபடும்; அட்டையில் தாங்கி திரவம் எது என்று பார்க்காமல் ஒரு புட்டியின் அளவை இன்னொன்றுக்கு எடுக்காதீர்கள்.

இதன் வசதிகள் உண்மையானவை. சக்கை இல்லை, பீர் நஷ்டம் இல்லை, மூடியைத் திறந்து பொட்டலம் போடும்போது நுழையும் ஆக்சிஜன் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாப் க்ரீப் இல்லை. ஹாப்ஸ் தழையில் மாவுப்பொருளை உடைக்கும் நொதிகள் உண்டு. உலர் ஹாப்ஸ் போட்டால் (அதாவது கொதிக்கவிடாமல், நொதித்த பீரில் ஹாப்ஸை ஊறவைத்தால்) அவை ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினைச் சர்க்கரையாக்கி, முடிந்ததாக நினைத்த நொதித்தலை மறுபடி தொடங்கிவிடும். 1893-லேயே பிரௌன், மோரிஸ் என்ற இரு ஆங்கில வேதியியலர்கள் எழுதிவைத்த விஷயம் இது. பாட்டிலில் அடைத்த பிறகு நடந்தால் வாயு மிஞ்சிப் பாட்டில் வெடிக்கலாம். கெக்கில் நடந்தால் வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டில் எழும். எண்ணெயில் நொதி கிடையாது.

இனிக் குறை. உலர் ஹாப்ஸ் ஊறும்போது மிர்சீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் தண்ணீரை வெறுப்பவை என்பதால் பெரும்பங்கு தழையிலேயே தங்கிவிடும். லினலூல், ஜெரானியால் போன்ற கரையும் மணப்பொருள்களே அதிகம் பீருக்கு வரும். வடித்த எண்ணெயில் இந்தச் சல்லடை இல்லை. மிர்சீன் அப்படியே உள்ளே போய், கசக்கிய பச்சை இலையும் பிசினும் கலந்த நெடியாகத் தூக்கும். மூக்கில் ‘அட’ என்று தோன்றி, வாயில் ஒன்றும் இல்லாமல் போகும் சென்ட் போன்ற பீர் இப்படித்தான் பிறக்கிறது. அதோடு அந்த ஹைட்ரோகார்பன்கள் பாட்டில் மூடியின் உள்ளட்டையிலும் பிளாஸ்டிக் குழாயிலும் ஏறிக்கொள்ளும். சில வாரங்களில் மணம் மெலிந்துவிடும். எண்ணெய் மிஞ்சினால் நுரையும் படுத்துவிடும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் முறை இது. தூய எண்ணெய் 0.1 மி.லி.யை 9.9 மி.லி. செறிந்த, மணமற்ற சாராயத்தில் கரைக்கவும். தண்ணீரில் வேண்டாம், மேலே மிதக்கும். 100 மி.லி. பீரில் இதில் 0.05 மி.லி. விட்டு முகரவும். பிடித்தால் 20 லிட்டருக்கு 0.1 மி.லி. தூய எண்ணெய் என்று பொருள். கிளாஸில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதே சரியான அளவு. தனியே பயன்படுத்தாமல், லிட்டருக்கு 2 கிராம் உலர் ஹாப்ஸ் போட்ட பீரில் மேல்பூச்சாக விட்டால் குறை பாதி மறையும். மதிப்பெண் 2.5.

செறிவூட்டிய லுபுலின் பெல்லட்

கடுங்குளிரில் ஹாப்ஸை உடைத்து, தழையை ஒதுக்கி, லுபுலின் பொடியை மட்டும் திரட்டி அழுத்தியது. க்ரையோ என்ற பெயரில் பரவலாகத் தெரியும். மணத்தைப் பொறுத்தவரை இந்த நான்கில் இதுவே முதலிடம். சாதாரண டி-90 பெல்லட்டில் (தழையோடு பொடித்து அழுத்திய ஹாப்ஸ்) பாதி எடை போதும். தழை குறைவதால் பச்சைப்புல் சுவையும் பீர் நஷ்டமும் குறையும். 20 லிட்டருக்கு 40 முதல் 60 கிராம் நல்ல தொடக்கம். சாதாரண பெல்லட்டிலேயே லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அதே வேகத்தில் ஏறுவதில்லை, பழ மணம் பின்வாங்கி மூலிகை, தேயிலைச் சாயல் முன்வருகிறது என்று ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது. பெரும்பங்கு மணம் ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். மூன்று நாளுக்கு மேல் ஊற வைப்பதில் லாபமில்லை. பொடி மேலே மிதந்து கட்டி தட்டும் வழக்கம் உண்டு, அதனால் இருமுறை பாத்திரத்தை மெல்லச் சுழற்றிவிடவும். ஹாப் க்ரீப் அபாயம் இதில் குறைவே தவிர, இல்லாமல் போகாது: போட்ட பிறகு மூன்று நாள் அடர்த்தி எண் நகராமல் நின்றால்தான் பாட்டில். மதிப்பெண் 4.

வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் பெல்லட், பிறகுதான் கசப்புச் சாறு. உலர் ஹாப்ஸ் கசப்பையும் அசைக்கும். பழைய பெல்லட்டில் ஆல்ஃபா அமிலம் ஆக்சிஜன் ஏறி ஹியூமுலினோனாகியிருக்கும். அது நன்றாகக் கரையும், ஐசோ-ஆல்ஃபாவின் மூன்றில் இரண்டு பங்கு கசக்கும். மறுபக்கம், ஏற்கெனவே கசப்பு மிகுந்த பீரில் தழை ஐசோ-ஆல்ஃபாவை உறிஞ்சிக்கொள்ளும். மென்மையான பீரில் கசப்பு ஏறுவதும், கடுங்கசப்பான பீரில் இறங்குவதும் இதனால்தான். பிஎச்சும் சற்று உயரும். பெல்லட்டை எடுத்த பிறகு நான்கு கிளாஸ் சோதனையைச் செய்தால் ஒரே திருத்தத்தில் வேலை முடியும்.

புட்டியே வாங்காமல் ஹாப் டீ போட்டு ஊற்றுவோரும் உண்டு. மணத்துக்கு மோசமில்லை: 80 டிகிரி நீரில் ஹாப்ஸை ஊறவைத்து, வடிகட்டி, மூடி ஆறவைத்துச் சேர்க்கலாம். கசப்புக்கு இது சூதாட்டம். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் ஹாப்ஸைக் கொதிக்கவைத்தால் அந்தச் சிறு நீர் சீக்கிரமே தெவிட்டிப்போய்க் கணக்கிட்ட கசப்பில் ஒரு பகுதிதான் இறங்கும். வெறும் நீரின் பிஎச் உயர்வாக இருப்பதால் துவர்ப்பு மட்டும் தாராளமாக இறங்கும். லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாறு கரைத்துக் கொதிக்கவைத்தால் துவர்ப்பு அடங்கும்.

கசப்பு மிஞ்சிய பீருக்குக் கலப்பு ஒன்றே வழி. 50 ஐபியு பீர் 20 லிட்டருடன் 20 ஐபியு பீர் 10 லிட்டர் சேர்ந்தால் 40. இல்லையென்றால் சில மாதம் காத்திருங்கள். ஐசோ-ஆல்ஃபா மெல்லச் சிதையும், கூடவே ஹாப்ஸ் மணமும் போகும். கரி வடிகட்டி கசப்பை எடுக்கும். நிறத்தையும் மணத்தையும் சேர்த்து எடுக்கும் என்பதால் அதற்கு மதிப்பெண் போடவே வேண்டாம்.

ஐசோ-ஆல்ஃபா சாற்றில் 10 மி.லி. புட்டி போதும்; ஒரு தடவைக்கு 0.4 முதல் 0.8 மி.லி. என்றால் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் வரும். 5 முதல் 15 டிகிரிக்குள், இருட்டில் வையுங்கள். அதைவிடக் குளிர்ந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும்; பிரிந்த புட்டியின் மேலடுக்கை மட்டும் உறிஞ்சினால் அளவு தப்பும், ஆகவே அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்கிய பிறகே சிரிஞ்சை நுழையுங்கள்.